நீலியின் பலம் நகத்தில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரை, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டத்தையும் குறிப்பிட்டிருந்தது. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாலைதோறும் நடப்பது அதுதான். ஒருவன் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பேசுகிறார்கள். வெட்டு பட்டதா, தப்பியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லிவிடுகிறது. விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்த எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. நம் பேய்களையும் பூதங்களையும் அதற்குள் கொண்டுவரும் விதத்தில்தான் எனக்கு மனக்குறை.

பேரனின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: "நீலி. உயிர்ப்புள்ளி 60. ஆயுதம், நகம்." உயிர்ப்புள்ளி என்பது அடிபடும்போதெல்லாம் குறையும் கணக்கு; அது தீர்ந்தால் சாவு. பக்கத்தில் விரித்த கூந்தலோடு ஒரு படம். பெயரை அழித்துவிட்டு வேறெந்த நாட்டுப் பேயின் பெயரை எழுதினாலும் அந்தப் பக்கம் பொருந்திவிடும்.

அரக்கோணத்தை அடுத்துள்ள திருவாலங்காட்டின் பக்கத்து ஊரான பழையனூரில் வழங்கும் கதையிலோ நீலி நகத்தை நம்பி வருபவள் அல்லள். முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் இப்போது வணிகனாகப் பிறந்து வர, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் மனைவி என்று சொல்லி ஊர்ச்சபையில் அழுகிறாள். அவன் கையில் மந்திரக் கத்தி இருக்கும்வரை அவளால் நெருங்க முடியாது. அதைக் கீழே வைக்கச் சொல்லி, "உனக்கு ஏதேனும் நேர்ந்தால் நாங்கள் தீப்பாய்வோம்" என்று வாக்களித்தவர்கள் அவ்வூர் வேளாளர் 70 பேர். கத்தியை இழந்த அவனை நீலி கொன்றுவிட, மறுநாள் சொன்னபடியே தீயில் இறங்கியும் விட்டார்கள். ஆகவே இந்தக் கதையை ஆட்டமாக்குபவர் பகடையை உருட்டவேண்டிய இடம் சண்டையன்று, சபை. ஆடுபவர்களை அந்த எழுபதின்மராக உட்காரவைத்து, அழுகிறவளை நம்புவதா, நடுங்குகிறவனை நம்புவதா என்று கேட்டுப் பாருங்கள். மாடியில் சத்தம் அடங்கிவிடும்.

இத்தகைய பிழை புதிதன்று. இவ்வகை ஆட்டங்களுக்கு மூலமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 1977இல் வந்த அதன் உயிரினத் தொகுப்பில் ராட்சசன் புலித்தலையோடு புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருக்கிறான். மந்திரித்த குறுக்குவில் அம்பு ஒன்றே அவனைக் கொன்றுவிடும். அந்த அம்பு வால்மீகியிலிருந்தோ கம்பரிடமிருந்தோ வந்ததன்று, ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது. ஆனாலும் எதிரில் இருப்பவர் நம்பும் உருவத்தில் வருவான் என்பதை விடாமல் வைத்துக்கொண்டார்கள். சூர்ப்பணகையைப் படித்தவர்களுக்கு அதுவே போதும். புலித்தலையை நான் மன்னித்துவிட்டேன்.

சிலப்பதிகாரத்துச் சதுக்கப் பூதத்தையும் எண்ணிப் பார்க்கலாம். பொய்ச்சாட்சி சொல்பவரையும் போலித் துறவியரையும் பிறர்மனை நயப்பவரையும் பாசக்கயிற்றால் கட்டி அறைந்து உண்ணும் அந்தப் பூதத்தின் முன், பொய்யே சொல்லாத வீரனுக்கு வாளும் வேண்டாம், கவசமும் வேண்டாம். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் நிற்கும் யாளியையோ என் பேரன் ஜவ்வாது மலையில் இரை தேட அனுப்பியிருக்கிறான். தூணை விட்டு இறங்காத காவல் விலங்காக வைத்திருந்தால் இன்னும் பயமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும் ஆட்டத்துக்குள் இழுத்துவிடவும் கூடாது. மாசி மாதம் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளைக்குத் திரளும் மக்களுக்கு அங்காளம்மன் தாய்; அவளுக்கு உயிர்ப்புள்ளி போட்டுக் கொல்லச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. முனீஸ்வரனுக்கும் இதுவே பொருந்தும். அவர்கள் கதையில் வரலாம். வழி மறிக்கலாம், வாக்குக் கேட்கலாம்.

தங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு ஊர்க்கதையை, அது வழங்கும் ஊரின் பெயரோடும், அந்தப் பேயோ பூதமோ எதற்குக் கட்டுப்படும், எதைக் கேட்டு வரும் என்ற விவரத்தோடும் வெளியிட வேண்டுகிறேன். பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்து ஊர்களிலிருந்தே ஓராண்டுக்கு வேண்டிய கதைகள் கிடைக்கும். பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.