செவ்வாய், வெள்ளியில் ஸ்கூட்டியில் வருபவர்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஓர் அம்மா என்னை நிறுத்தினார். "டீச்சர், செவ்வாய், வெள்ளியில ஸ்கூட்டில ஒரு மிஸ் வராங்களே, நூலக ரூம்ல நாலஞ்சு புள்ளைங்கள வச்சுச் சொல்லித் தராங்களே, அது டியூஷனா? எம் பொண்ணையும் சேத்துக்குவாங்களா?" நியாயமான கேள்வி. இரண்டு வருடமாக அவர் வருகிறார். நான்தான் யாருக்கும் முறையாகச் சொல்லவில்லை.

டியூஷன் இல்லை. அவர் சிறப்புப் பயிற்றுநர், அதாவது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித் தருபவர். வட்டார வள மையத்திலிருந்து வருகிறார். மற்ற நாட்களில் வேறு பள்ளிகளுக்கும், பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போகிறார். வாங்குவது தொகுப்பூதியம். இத்தகைய பிள்ளைகள் தொடக்கநிலையில் 10 பேருக்கு ஒரு பயிற்றுநர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊர் கடைசிப் பேருந்து மாதிரி, அந்தக் கணக்கு இங்கே இன்னும் வந்து சேரவில்லை.

சொல்லிக் கொடுப்பது அவர் வேலையில் பாதிதான். மீதிப் பாதி, பிள்ளைக்கு ஒன்றாக அவர் வைத்திருக்கும் பச்சை ஃபைல்கள். மருத்துவச் சான்று, அடையாள அட்டை நகல், உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கு, இயன்முறை மருத்துவர் பார்த்த தேதி எல்லாம் அதில் இருக்கும். அடுத்த மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளை எதைப் பழக வேண்டும், அதற்கு எந்த ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கும். ஆசிரியர்கள் கையெழுத்துப் போட வேண்டும். முன்வரிசையில் உட்கார வைக்கிறேன் என்று சொன்னவர் மறந்துபோனால் பயிற்றுநர் விடமாட்டார். என்னையும் விடமாட்டார். ஒரு மாணவிக்கு உதவித்தொகை வராமல் நின்றபோது, கணக்கு முடங்கிக் கிடப்பதைக் கண்டுபிடித்து, பாட்டியைக் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை வங்கிக்கு நடந்தவரும் அவர்தான்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். அவனுடைய ஃபைலில் முதல் வரி: "பேண்ட் கொக்கியைத் தானே மாட்டுவான்." அதைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கோபம். "கொக்கி மாட்டவா டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்?" பயிற்றுநர் பதில் சொல்லாமல் பையனின் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். மணி மூன்றரை, பாட்டில் நிறைய தண்ணீர். "காலையில இருந்து குடிக்கலண்ணே. குடிச்சா பாத்ரூம் போகணும், போனா கொக்கி மாட்ட யாரையாவது கூப்பிடணும். அதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்." பழைய துணியில் பெரிய பொத்தான்கள் தைத்து முதலில் அதில் பழக்கினார், பிறகு சின்னப் பொத்தான், கடைசியாகக் கொக்கி. ஆறு வாரம் ஆயிற்று. இப்போது பாட்டில் காலியாகத்தான் வீட்டுக்குப் போகிறது.

இன்னொன்று என் தவறு. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் வரும். எழுதச் சொன்னால் 'தபால்' 'பதால்' ஆகிவிடும். இரண்டு வருடம் முன்பு அவனுக்குத் தமிழ் எடுத்தவள் நான். நோட்டில் 'சோம்பல்' என்று சிவப்பு மையில் எழுதினேன், ஒரு நாள் வெளியே நிற்கவும் வைத்தேன். பயிற்றுநர் ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நீளமாக வெட்டி, புத்தகத்தின்மேல் வைத்து நகர்த்திக் கொடுத்தார். என் எதிரில் அரைப் பக்கம் படித்தான். நிறுத்தி நிறுத்தித்தான், ஆனால் படித்தான். அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். 28 வருடம் பாடம் எடுத்த கண்ணுக்கே தப்புகிறது என்றால் உங்களுக்குத் தப்புவதில் வியப்பில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. கண், காது, கை, கால் மட்டுமல்ல, படிக்க எழுதத் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடும் அதில் அடக்கம். உரிய சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகவோ, சொல்வதை எழுதுபவரோ, அந்தந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி சலுகை கேட்கலாம். ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கியபின் ஓடி வந்தால் நானும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பேன்.

"முத்திரை குத்திடுவாங்க, நாளைக்கு யாரு பொண்ணு கொடுப்பா" என்று சிலர் பேசுவது காதில் விழுகிறது. ஃபைல்கள் என் அறை பீரோவில் பூட்டி இருக்கின்றன. சாவி இரண்டு, ஒன்று என்னிடம், ஒன்று அவரிடம். கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு, உங்கள் பிள்ளையின் ஃபைலை மட்டும்.

"அந்தப் பையன் பக்கத்துல எம் புள்ளைய உக்கார வைக்காதீங்க" என்று கேட்டு வந்த மூன்று பேருக்கும் இங்கேயே பதில்: இடம் மாற்ற மாட்டேன்.

அடுத்த மாதம் வட்டார அளவில் மருத்துவ முகாம் நடக்கிறது. தேதியைப் பிள்ளைகளிடம் எழுதி அனுப்புகிறேன். ஆதார், குடும்ப அட்டை நகல்கள், பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு, முன்பு எங்காவது காட்டியிருந்தால் அந்தச் சீட்டுகள், எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். அன்றைய கூலி போகும் என்று தெரியும். அப்பா, அம்மா இருவரில் ஒருவர் வந்தால் போதும். பிள்ளைக்கு இப்படி ஏதும் இருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் இருந்தாலும் வாருங்கள். முதலில் என்னிடம் தனியாகப் பேச வேண்டுமென்றால் மாலை நாலரைக்கு மேல் நான் அறையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடந்தால் கொடுத்தனுப்புங்கள். தடித்த அட்டையாக இருக்கட்டும். பளபளப்பு வேண்டாம், கண் கூசுகிறதாம்.