பறிக்கப்படக் கூடாத ஈடு

வெலிங்டன்

அன்பு மகள் நிலாவுக்கு,

விபத்து இழப்பீடு, அரசின் அதிகாரத்தை வரையறுக்கும் பொதுச் சட்டம் என்ற இரண்டு துறைகளிலும் பாரிஸ்டராகத் தனித்துத் தொழில் நடத்தப் போவதாக எழுதியிருந்தாய். இரண்டிலும் காலம் கழித்தவன் சொல்கிறேன்: நியூசிலாந்தில் இவை இரண்டும் ஒரே வேலைதான்.

நீதிபதி ஓவன் வுட்ஹவுஸ் தலைமையிலான ஆணையம் 1967இல் அளித்த அறிக்கையிலிருந்து பிறந்து, 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது இந்நாட்டின் விபத்து இழப்பீட்டுத் திட்டம். காயப்படுத்தியவர்மீது நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமையை மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு ஈடாக, தவறு யாருடையது என்று கேளாமலே சிகிச்சைக்கும், வேலைக்குப் போக முடியாதவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதத்துக்கும் வழி செய்யப்பட்டது. எனவே அந்தத் திட்டத்தை நடத்தும் அரசு நிறுவனமான ஏசிசி ஒருவருக்குத் தவறாக மறுக்கும்போது, அவர் கொடுத்தது கொடுத்தபடியே இருக்க, பெற வேண்டியது மட்டும் பறிபோகிறது.

அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் ஓர் அம்மையார் ஒருமுறை என்னிடம் வந்தார். வாளியோடு படிக்கட்டில் வழுக்கி விழுந்ததில் தோளின் தசைநார் கிழிந்திருந்தது. மறுப்புக் கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்திருந்தார். பலமுறை பிரித்துப் படித்ததில் மடிப்புகள் நைந்து போயிருந்தன. ஸ்கேன் அறிக்கையில் இருந்த ‘தேய்மானம்’ என்ற சொல்லே மறுப்புக்குக் காரணம். நான் முதலில் பார்த்தது கடிதத்தின் தேதியை. மறுபரிசீலனை கேட்பதற்கான 3 மாதத்தில் பதினொரு நாட்களே மீதம் இருந்தன.

தேய்மானம் இருப்பதாலேயே உரிமை போய்விடாது. காயம் முழுமையாகவோ பெருமளவிலோ நோயாலோ முதுமையாலோ வந்ததா என்பதே 2001ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் கேள்வி. அதே சமயம், விழுந்த பிறகுதான் வலித்தது என்பதை மட்டும் வைத்து வெல்லவும் முடியாது. விழுவதற்கு முந்தைய நாள்வரை அவர் உயரமான அலமாரிகளைக் கையுயர்த்தித் துடைத்தவர் என்பதை எழுதி, அந்தக் கிழிசல் எதனால் ஏற்பட்டிருக்கும், ஏன் அப்படிக் கருதுகிறீர்கள் என்று அறுவை மருத்துவரிடம் கேட்டேன். காரணத்தோடு வந்த அந்தப் பதில்தான் மறுபரிசீலனையில் வென்றது.

அங்கே தோற்றால் 28 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேலே, அனுமதி பெற்று, சட்டக் கேள்விக்காக மட்டுமே உயர் நீதிமன்றம் போக முடியும். ஆகவே உண்மைகளைக் கீழேயே முழுதாகப் பதிவுசெய்துவிடு. மருத்துவச் சான்றுக்குச் செலவிடும் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். காயம் திட்டத்துக்குள் வருகிறது என்று ஏற்கக் கேட்கும் காப்புக் கோரிக்கைக்குச் சட்டம் விதித்த கெடுவுக்குள் ஏசிசி முடிவு சொல்லாவிட்டால், காப்புக் கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்பதையும் மறவாதே. அரசைக் காலத்துக்குக் கட்டுப்படுத்தும் அந்த ஒரு விதியில் பொதுச் சட்டம் முழுவதும் எனக்குத் தெரிகிறது.

அடுத்த வாரம் உன் முதல் விசாரணை என்றாயே. மருத்துவருக்கு நீ எழுதிய கேள்விகளை, கட்சிக்காரரின் அடையாளத்தை நீக்கிவிட்டு, எனக்கு அனுப்பி வை. இரவு விழித்திருந்தாவது படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா