எண் 17-க்கு நான் போட்ட மதிப்பெண்

அன்புள்ள சேகர்,

நலம். அங்கேயும் எல்லாரும் நலம்தானே? பேத்தி காதுகுத்துக்கு வர முடியவில்லை, முழங்கால் விடவில்லை. தங்கச்சியிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல். ஏழு மாதமாகக் கடிதம் போடாததற்கு நேரில் வரும்போது திட்டிக்கொள். இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் "இதுக்குப் போயா இவ்வளவு கவலை?" என்பார்கள்.

போன மாதம் இங்கே பக்கத்துப் பள்ளியில் கவிதைப் போட்டி. நடுவராக வரச் சொன்னார்கள், போனேன். பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்ட நாற்பது தாள்கள். மதிப்பெண் பட்டியலும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: கருத்துக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு, "எதுகை, மோனை, இயைபு" (வரிக் கடைசி ஒத்து ஒலிப்பது) என்று தனியாக 20. முதல் பரிசு வாங்கியது "தாயே, நீயே, சேயே" என்று ஓடிய ஒரு பாட்டு. எண் 17-க்கு அந்த 20-இல் நான் போட்டது 4. அதனால் அது ஆறுதல் பரிசுக்குக்கூட வரவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பதினேழு தானாக வாயில் வந்தது. முதல் பரிசுப் பாட்டில் "தாயே" தவிர ஒரு சொல்கூட நினைவில்லை. இது மட்டும் முழுதாக இருந்தது:

அப்பா சைக்கிளுக்கு
ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே
அம்மாவுக்குத் தெரிந்துவிடும்,
இன்று கூலி வந்ததா இல்லையா என்று.
அப்புறம்தான்
அரிசி அளப்பாள்.

சேகர், இதை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார், பிறகு மேலே படி.

சொன்னாயா? எனக்கு அன்றைக்குத்தான் காது திறந்தது. அப்பா, அம்மா, அப்புறம், அரிசி, அளப்பாள். ஆறு வரியில் நான்கு வரி அகரத்தில் தொடங்குகிறது. அப்பாவுக்கும் அப்புறத்துக்கும் எதுகையே இருக்கிறது! அந்தப் பெண் (கையெழுத்தை வைத்துப் பெண் என்று நினைக்கிறேன்) இதையெல்லாம் எண்ணிப் பார்த்து வைத்திருக்க மாட்டாள். அந்த வீட்டில் புழங்குகிற சொற்களே அவைதான். நான் வரிக் கடைசியைப் பார்த்து ஒலி ஒத்து வரவில்லை என்று 4 போட்டுவிட்டேன். நாற்பது வருஷம் தமிழ் படித்தவன், தமிழ் வரியை எந்த முனையில் கேட்க வேண்டும் என்று தெரியாமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

விடுதி மொட்டை மாடியில் நீ தண்ணீர்த்தொட்டி மேல் உட்கார்ந்து சொல்வாயே, கடைசி ஒலி நம் மொழியில் மலிவான சரக்கு என்று. அப்போது எதிர்த்துக் கத்தினேன். இப்போது ஒத்துக்கொள்கிறேன். வந்தான், போனான், தின்றான் என்று வினைமுற்று எல்லாம் ஒரே வாலோடு பிறக்கிற மொழியில் வரிக்கடைசியில் இயைபு கொண்டுவர என்ன உழைப்பு வேண்டும்? அதனால்தான் நம் ஆட்கள் வரியின் தலையில் காது வைத்தார்கள். முதல் எழுத்துக்கு மோனை, இரண்டாம் எழுத்துக்கு எதுகை. "கற்க கசடற" குறளை எடுத்துக்கொள். இரண்டாவது வரி "நிற்க" என்று தொடங்குகிறது. கற்க, நிற்க. அந்த எதுகை அலங்காரம் இல்லை. படித்ததையும் நடந்துகொள்வதையும் சேர்த்து முடிச்சுப் போடுவதே அந்த ஒலிதான். அதை எடுத்துவிட்டால் குறளின் கருத்தே பாதி போய்விடும். எதுகை வேண்டும் என்று நீ சொன்னபோதெல்லாம் இதைத்தான் சொன்னாய் என்றால், அத்தனை ராத்திரிச் சண்டையும் வீண்.

ஆனால் நீயும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். யாப்பிலக்கணம் சொல்லும் யாப்பருங்கலக்காரிகை வகுப்பில் நீ முதல் பெஞ்ச், நான் ஜன்னலோரம். அங்கே வரிகளை ஒலியால் தொடுக்கிற தொடைகளில் ஒன்று படித்தோம், நினைவிருக்கிறதா? மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை எதுவுமே அமையாமல் வருவதற்குச் செந்தொடை என்று பெயர். குறைத்தொடை என்று வைக்கவில்லை, பார். தொல்காப்பியத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது. காரிகை உரையில் காட்டும் உதாரணம் "பூத்த வேங்கை வியன்சினை ஏறி, மயிலினம் அகவும் நாடன்" என்று போகும். பூத்த வேங்கை மரத்தில் ஏறி மயில்கள் அகவுகின்றன, அவ்வளவுதான். எதுவும் எதனோடும் ஒத்து ஒலிக்கவில்லை, அந்த மலை மட்டும் கண்ணில் நிற்கிறது. 1959-இல் சி.சு. செல்லப்பா புதுக்கவிதைக்கு இடம் கொடுத்த 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய பிறகு, யாப்பை விட்டால் கவிதை செத்தது என்று எத்தனை பேர் சண்டைக்கு வந்தார்கள்! இருபது வருஷம் கழித்து நம் விடுதி மொட்டை மாடியிலும் அதே சண்டை. இலக்கணமே இதற்கு ஓர் இடம் வைத்திருந்ததை நாம் யாரும் எடுத்துப் பேசவில்லை.

குறளின் எதுகைக்கும் இந்தச் செந்தொடைக்கும் நடுவில் குறுந்தொகை நாற்பதாம் பாட்டு இருக்கிறது. "யாயும் ஞாயும்" கேள்விகளில் ஒலி மேலே மேலே மோதும். எந்தை, நுந்தை என்று அடுக்கும். கேள்விகள் முடிந்ததும் சத்தம் அடங்கி "செம்புலப் பெயனீர் போல, அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே." வரிக் கடைசியில் ஒத்த ஓசை எங்கும் கிடையாது. ஆனால் செம்பு, அன்பு என்று மெல்லினத்தில் ஒரு மெலிந்த எதுகை. செம்மண்ணையும் அன்பையும் அந்த ஒலி கலந்துவிடுகிறது, நமக்குத் தெரியாமலே. நேற்றுத்தான் கவனித்தேன். இத்தனை வருஷம் இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்!

அதற்காக, உரைநடையை உடைத்து உடைத்துக் கீழே கீழே அடுக்கியதெல்லாம் கவிதை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படித் தாள்களும் நிறைய வந்தன. நான் இப்போது ஒன்று செய்கிறேன்: ஒரு சொல்லை மாற்றிப் பார்க்கிறேன். "அரிசி அளப்பாள்" என்ற இடத்தில் "சோறு ஆக்குவாள்" என்று போட்டுப் பார். செய்தி கிட்டத்தட்ட அதேதான். கவிதை போய்விட்டது. ஆழாக்கைக் கையில் வைத்துக்கொண்டு, முழுதாக அளக்கலாமா, பாதியோடு நிறுத்தலாமா என்று நிற்கிற அந்த அம்மா காணாமல் போய்விடுகிறாள். முதல் பரிசுப் பாட்டில் "தாயே"வுக்குப் பதில் "அம்மா" போட்டால் ஓசை ஒன்றுதான் கெடும்.

என் கவலை பரிசு போனதைப் பற்றி இல்லை. அந்தப் பிள்ளை இனிமேல் "சேயே" என்று எழுத ஆரம்பித்துவிடுவாளோ என்பதுதான். நாம்தான் அதைக் கற்றுக்கொடுத்துவிட்டோம், மதிப்பெண் போட்டு. ராத்திரி இதை நினைத்தால் தூக்கம் போகிறது.

தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். தாள்கள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றனவாம், எண்ணை வைத்துப் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார். திங்கள்கிழமை போகிறேன். அவளிடம் நேரில் சொல்ல வேண்டும், நான் தவறாகப் படித்தேன் என்று. எதுகை மோனைக்கு என்று தனி மதிப்பெண் வைக்காதீர்கள் என்று பள்ளியில் எழுதியும் கொடுக்கப் போகிறேன். அதற்கு உன் உதவி வேண்டும். செந்தொடை நூற்பாவும் உரையும் உன் காரிகைப் பிரதியில் இருக்கும். அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. என் பிரதி உன்னிடம்தான் இருக்கிறது, 1981-லிருந்து.

பதினேழைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று உள்ளது உள்ளபடி எழுது. வெண்பாவில் எழுதினாலும் சரி.

உன்,
மணி