திருகோணமலைப் பென்சன்காரர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2025 (ஐரோப்பியப் பயணம் பற்றிய விளக்கத்துடன்)

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இன்று நேரத்துக்கு வந்து கதிரையில் இருக்கிற அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராத அங்கத்தவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்காகத்தான் இதே அறிக்கையை வட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். யார் வாசித்தார், யார் வாசிக்கவில்லை என்று அதில் தெரியும்.

வழக்கமான அலுவல்கள் வழக்கம்போல நடந்தன. தைப்பொங்கல் நடந்தது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. கண்ணாடி கிடைக்காதவர்கள் என்னோடு கோபிக்க வேண்டாம், பெயர் பதிந்த ஒழுங்கில்தான் கொடுத்தோம். டச்பே கடற்கரைச் சிரமதானத்தில் மண்வெட்டி பிடித்தவர்களைவிட கைபேசி பிடித்தவர்கள் கூட. வாணி விழா சிறப்பாக நடந்தது, அவல் மட்டும் கொஞ்சம் காணாமல் போனது. இந்த ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்த அங்கத்தவர்களின் குடும்பங்களுக்கு மரண உதவிப் பணம் பிந்தாமல் போய்ச் சேர்ந்தது.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வெள்ளத்தின்போது மூதூர், வெருகல் பக்கம் உலர் உணவும் பாயும் கொண்டுபோனோம். பட்ட இழப்புக்கு முன்னால் அது மிகவும் கொஞ்சம், அதைப் பெருமையாக எழுத எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றைக் குறித்து வைக்கிறேன். இரவு முழுக்க இருந்து பொதி கட்டியவர்களில் அரைவாசிக்கு மேல் ஐரோப்பா போய்வந்தவர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது வாசித்துக்கொண்டு போனால் விளங்கும்.

சரி, ஐரோப்பாவுக்கு வருவோம். "பென்சன்காரர் சங்கம் இப்போது உல்லாசப் பயணக் கம்பனி ஆகிவிட்டது" என்று ஒரு கதை ஊருக்குள் ஓடுகிறது. அதை யார் தொடக்கினார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன், அவர் இரண்டு வருடமாகச் சந்தா கட்டாதவர் என்பதை மட்டும் சொல்கிறேன். சங்கக் காசில் ஒரு சதமும் இந்தப் பயணத்துக்குப் போகவில்லை. ஒருவருக்கு பத்து லட்சம் ரூபாவுக்கு மேல் முடிந்தது. அவரவர் சேமிப்பில் போட்டார்கள், பலருக்குப் பிள்ளைகள் அனுப்பினார்கள். கடிதத் தாளும் ரப்பர் முத்திரையும்தான் சங்கத்துடையவை. அந்த முத்திரை மையும் நான் வாங்கியது.

விசா அலுவலில் என்ன பாடுபட்டோம் என்பது கூட வராதவர்களுக்கு விளங்காது. செங்கன் விசா ஒன்றை எடுத்தால் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகள் அத்தனைக்கும் போகலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதிக இரவுகள் எந்த நாட்டில் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். ஓய்வூதியக் கடிதம், வங்கிக் கூற்று, காணி உறுதி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறப்புச் சாட்சிப் பத்திரம் என்று எல்லோருடைய கோவைகளையும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடுக்கி வைத்துவிட்டு நாங்கள் இரண்டு மாதம் நிலத்தில் இருந்து சாப்பிட்டோம். கைவிரல் அடையாளத்துக்கு இரவு ரயிலில் கொழும்புக்குப் போனோம். வாழ்நாள் முழுக்கச் சோக்குக்கட்டி பிடித்த ஒரு ரீச்சருக்கு விரல் ரேகை இயந்திரத்தில் விழவேயில்லை, கையைத் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் பிறகு நாலு பேர் கடைசி நேரத்தில் விலகினார்கள். ஆட்கள் குறைந்தால் பஸ் செலவு மற்றவர்கள் தலையில் விழும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஒருவர் சொன்ன காரணம், வீட்டு நாய்க்குச் சாப்பாடு வைக்க ஆள் இல்லையாம்.

பாரிஸில் இறங்கினோம். ஐபெல் கோபுரத்தைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, 330 மீற்றர், எல்லோரும் படம் பார்த்திருப்பீர்கள். நான் எழுத விரும்புவது அதற்குப் பக்கத்தில் போகிற தெருவைப் பற்றி. தெருப்பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு எங்கள் சரித்திர மாஸ்ரர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "அவென்யூ த சுவ்ரென்" என்று போட்டிருந்தது. சுவ்ரென் யார் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 1782 ஓகஸ்டில் எங்கள் திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி அவர்தான். அதே ஆண்டு ஜனவரியில்தான் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்திருந்தார்கள். ஒரே வருடத்தில் இரண்டு தரம் கைமாறிய ஊர். கோணேசர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவர் பிடித்த அந்தக் கோட்டை வாசலால்தானே நுழைகிறோம், ஒருநாளாவது இதை யோசித்தோமா? மாஸ்ரர் அந்த இடத்திலேயே பாடம் எடுக்கத் தொடங்க, பெண்கள் படம் எடுக்க வேண்டும் என்று சத்தம்போட, அது ஒரு காட்சி. பின்னேரம் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்குப் போனோம். கடைப் பலகையெல்லாம் தமிழ், கொத்துரொட்டிச் சத்தம், முருங்கைக்காய். சிலருக்கு அதற்குப் பிறகுதான் உயிர் வந்தது. இதற்காகவா பத்து லட்சம் என்று ஒருவர் கேட்டார், கேட்டுக்கொண்டே இரண்டாவது பிளேட் எடுத்தார்.

பிரசல்ஸ் மழை. அம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்துக்குப் போகும்போது கண்டி அரசனின் பீரங்கியைக் காட்டுவதாக மாஸ்ரர் ஆசையோடு கூட்டிக்கொண்டு போனார். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொண்டுபோனது. உள்ளே விசாரித்தால் அது 2023 டிசம்பரிலேயே இலங்கைக்குத் திரும்பி, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம்! விசாவுக்காகக் கொழும்புக்குப் போன அன்று அதற்குக் கிட்டத்தான் நாங்கள் நின்றிருப்போம். மாஸ்ரருக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி கொலோன். இதுதான் பிரச்சினையான இடம், இதற்காக மூன்று பேர் எழுத்தில் முறைப்பாடு தந்திருக்கிறார்கள், ஆகவே விபரமாக எழுதுகிறேன்.

எங்கள் அங்கத்தவர் ஒரு அக்கா. அவருடைய தம்பி 1990இல் ஊரை விட்டு வெளிக்கிட்டவர், ஜேர்மனியில் இருக்கிறார். அவர் திரும்பி வரவில்லை, அக்காவும் போகவில்லை. அக்கா தனியாக விண்ணப்பித்தபோது விசா மறுத்துவிட்டார்கள். தாய் தகப்பன் செத்த வீட்டுக்கும் தம்பி இல்லை. அதற்கெல்லாம் காரணங்கள் இருந்தன, இங்கே எழுத வேண்டியவை அல்ல. குழுவாகப் போட்டபோதுதான் அக்காவுக்கு விசா கிடைத்தது, அதை அறிவித்த அன்று அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை, அடுத்தநாள் ஒரு டப்பா பயத்தம் பணியாரம் வந்தது.

கொலோன் பேராலயத்துக்கு முன்னால் இருக்கிற முற்றத்தில் சந்திப்பது என்று ஒழுங்கு. எங்களுக்கு அங்கே ஒரு மணித்தியாலம். தம்பி வரும் வழியில் நெடுஞ்சாலையில் திருத்த வேலை, வாகனம் நகரவில்லை. மணித்தியாலம் முடிந்தது. வழிகாட்டி என்னைப் பார்க்கிறார். அந்த நாட்டுப் பஸ் சாரதிமார் எங்கள் ஊர்ப் பஸ்காரர் மாதிரி இல்லை. நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆகவேண்டும், இரவில் 11 மணித்தியாலம் ஓய்வு, எல்லாம் வண்டிக்குள் இருக்கிற ஒரு பெட்டியில் பதிவாகும். பிந்தினால் ரைன் நதிப் படகு போய்விடும், அதற்கு மேலும் பிந்தினால் ஹோட்டலுக்குப் போய்ச் சேர முன்னமே சாரதியின் நேரம் முடிந்துவிடும்.

காத்திருப்போம் என்றேன் நான். அது என் முடிவு. தலைவர் வரவில்லை, பொருளாளர் வரவில்லை, குழுவுக்குப் பொறுப்பு நான். தம்பி வந்து சேர்ந்தபோது படகு போய்விட்டது. அவரோடு மனைவியும், ஒரு மகனும், அக்கா முதல் தரம் காணும் ஒரு பேரப்பிள்ளையும். அக்கா கூட்டத்துக்குள் தம்பியைத் தேடிக்கொண்டிருக்கிறார், நரைத்த தலையோடு ஒருவர் முன்னால் நிற்கிறார், அவரை விலக்கிக்கொண்டு பின்னால் பார்க்கிறார். அவர் "அக்கா" என்ற பிறகுதான் நின்றார். பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. எங்கள் பஸ்ஸில் எப்போதும் சத்தம்போடுகிற ஆட்கள் எல்லாம் வேறு பக்கம் திரும்பி அந்தப் பேராலயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். 1248இல் தொடங்கி 1880இல் முடித்த கோயில் அது, இடையில் முந்நூறு வருடம் போல வேலையே நடக்கவில்லை என்று வழிகாட்டி சொன்னார். எங்களுக்கு ஒரு படகைத் தவறவிட முடியாதாம்.

முறைப்பாடு தந்த மூவருக்கும் பதில் இதுதான்: படகுக் காசு மொத்தக் கட்டணத்துக்குள் அடங்கியது, பயண முகவர் திருப்பித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அந்தக் கடிதம் கோவையில் இருக்கிறது. சங்கத்திடம் கேட்பது நியாயமில்லை. இன்னும் வேண்டுமென்றால் நான் என் பென்சனில் தருகிறேன், வந்து எல்லோருக்கும் முன்னால் கையெழுத்திட்டு வாங்கட்டும்.

அதன் பிறகு சுவிஸ். ரிட்லிஸ் மலையில் கம்பிவடக் கூண்டு சுற்றிக்கொண்டே மேலே போகிறது, மேல் நிலையம் 3,020 மீற்றர். எங்கள் நாட்டில் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524தான். பனியில் கால் வைத்த உடனே ஓய்வுபெற்ற ஒரு அதிபர் பனி உருட்டி எறியத் தொடங்கினார், அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள், நன்றாகத் திருப்பிக் கொடுத்தார்கள். வெனிஸ், பீசா எல்லாம் படங்களில் போதும் போதும் என்று பார்த்துவிட்டீர்கள். ரோமில் 2025 கத்தோலிக்கரின் யூபிலி ஆண்டு என்பதால் புனித பேதுரு ஆலயத்தின் புனிதக் கதவு திறந்திருந்தது. கத்தோலிக்க அங்கத்தவர்களுக்கு அது வாழ்நாள் காரியம். அவர்களோடு சைவக்காரரும் வரிசையில் நின்று நுழைந்தார்கள். முஸ்லிம் அங்கத்தவர்கள் வெளியே எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருந்தார்கள், அந்த ஊரில் பை களவு போவது சாதாரணம்.

அடுத்த தரம் போகிறவர்களுக்கு இரண்டு விடயம். பால்மா, இறைச்சி ஒன்றும் கொண்டுபோக விடமாட்டார்கள். கருவாட்டுக்குத் தடையில்லை, ஆனால் பஸ்ஸுக்குள் திறக்க வேண்டாம். ஜேர்மனி நெடுஞ்சாலையில் கழிப்பறைக்கு ஒரு யூரோ. எங்கள் காசில் ஏறக்குறைய 350 ரூபா என்று கணக்குப் பார்த்து அடக்கிக்கொண்டு இருந்தவர் யார் என்பது எங்களுக்குத் தெரியும், சுவிஸ் எல்லை வரும்வரை அவரால் எங்களுக்கு நிம்மதியில்லை.

பயணத்தால் சங்கத்துக்கு என்ன லாபம் என்று கேட்கிறார்கள். கணவர் போனபிறகு கோயிலுக்கும் மகனோடுதான் போவேன் என்றிருந்த ஒரு அம்மா இப்போது தனியாக வங்கிக்குப் போய்வருகிறார். ஒல்லாந்தில் கிழவிமார் சைக்கிள் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்த இரண்டு ரீச்சர்மார் பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். விடிய டச்பேயில் நடக்கிற ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. பேச்சுவார்த்தையில்லாமல் இருந்த இரண்டு பேர், அந்தக் காணிச் சண்டைக்காரர்தான், பஸ்ஸில் ஒரே ஆசனத்தில் இருத்தினேன், இப்போது ஒன்றாக வந்து என்னைத்தான் குறை சொல்கிறார்கள். கொலோன் அக்கா ஒரு கூட்டமும் தவறவிடுவதில்லை. வெள்ளத்துக்குப் பொதி கட்ட வந்ததும் இவர்கள்தான்.

கணக்கு விபரம் பொருளாளரிடம் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். வரவு செலவைவிடக் கொஞ்சம் கூட, மண்டபக் கூரைச் செலவைச் சேர்த்தால் கொஞ்சம் குறைய. கணக்காய்வாளர் சில இடங்களில் கேள்விக்குறி போட்டிருக்கிறார், பெரிய விடயமில்லை. பெரிய விடயம் சந்தா. வருடத்துக்கு 1,200 ரூபா. பாதிக்கு மேற்பட்டோர் கட்டவில்லை. கேட்டால் பென்சன் காணாது என்கிறார்கள், உண்மையில் காணாதவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், அவர்களிடம் நான் கேட்பதுமில்லை.

தலைவருக்கும், துணைத் தலைவர்களுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், கதிரை தந்தவர்களுக்கும், தேநீர்க் குழுவுக்கும் நன்றி. என் வீட்டுக்காரருக்கும் நன்றி, அந்தச் சாப்பாட்டு மேசைக்காக.

அடுத்த ஆண்டு நிர்வாகம் பற்றி. எனக்கும் வயது போகிறது, பிரஷரும் இருக்கிறது, வீட்டில் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். யாராவது இளையவர், அறுபத்தைந்துக்குக் கீழே, முன்வந்தால் கோவைகளையும் முத்திரையையும் இன்றைக்கே கையளிக்கத் தயார். ஆனால் கொடுத்த கைவிரல் அடையாளம் 59 மாதங்களுக்குச் செல்லும், அதற்குள் இன்னொரு தரம் போனால் அந்தக் கொழும்பு அலைச்சல் குறையும் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள், லூர்து பார்க்கவில்லை என்ற குறையும் சிலருக்கு இருக்கிறது. ரைன் படகும் பாக்கி இருக்கிறது. அது யார் செயலாளர் என்பதைப் பொறுத்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

நிலுவைச் சந்தா இல்லாதவர்களின் பெயர்கள் மட்டுமே எந்தப் பயணத்துக்கும் எடுக்கப்படும். கூட்டம் முடிய பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வாசலடியில் மேசை போட்டு இருப்பார். தேநீரும் வடையும் அந்த மேசைக்கு அப்பால்தான் வைத்திருக்கிறது.

செயலாளர்
திருகோணமலை