கேள்வி பதில் பக்கத்துக்கு என்ன வாங்கலாம்?

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள்.

செக்கு எண்ணெய்க்காரர் வெப்சைட்டோடு எஃப்.ஏ.க்யூ பக்கமும் (வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்) கேட்கிறார், அதற்குத் தனியாகக் காசு வாங்கலாமா என்று எழுதியிருந்தாய். கண்டிப்பாக வாங்கு. கேள்வியைத் தொட்டால் பதில் விரிகிற அமைப்பு பெரிய வேலை இல்லை. வெப் பக்கம் எழுதுகிற ஹெச்டிஎம்எல்லில் டீடெய்ல்ஸ், சம்மரி என்ற இரண்டு டேக் போதும், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கூட வேண்டாம். சரியான கேள்விகளைத் தேடிப் பிடிப்பதில்தான் நேரம் போகும்.

கடைக்காரரிடமே எழுதித் தரச் சொன்னால், 'உங்கள் எண்ணெய் ஏன் சிறந்தது?' என்று ஆரம்பிப்பார். வாங்குகிறவர்கள் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர் கடை வாட்ஸ்அப்பைப் படி, ஆர்டர் போனை எடுக்கிற பெண்ணோடு உட்கார்ந்து பேசு. மார்கழியில் ஊட்டியிலிருந்து யாராவது 'தேங்காய் எண்ணெய் கட்டியா வந்திருக்கு, கலப்படமா?' என்று கேட்டிருப்பார்கள். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத்தான் செய்யும்; பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும். இந்த இரண்டு வரி இருந்தால் அவருக்குப் பாதி போன் குறையும். அடியில் மண்டி படிவது, கூரியரில் கசிவது, ஒரு லிட்டருக்குக் குறைந்து அனுப்புவார்களா என்பது, எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

ஆனால் கிடைத்ததையெல்லாம் ஒரே பக்கத்தில் கொட்டாதே. உறைவது பற்றிய வரி தேங்காய் எண்ணெய் விற்கிற பக்கத்திலேயே இருக்கட்டும். பிரிட்டிஷ் அரசின் இணையதளத்துக்கான எழுத்து விதிகள் எஃப்.ஏ.க்யூவே வேண்டாம் என்கின்றன. அவ்வளவு கறாராக நான் இருக்கமாட்டேன், ஆனால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரிட்டர்ன், ரீஃபண்ட், டெலிவரி விவரங்களையும் புகார் அதிகாரியின் பெயரையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று நம் நாட்டின் 2020 இ-காமர்ஸ் (ஆன்லைன் விற்பனை) விதிகளே சொல்கின்றன. அவற்றுக்குத் தனிப் பக்கம் போட்டுவிடு.

கூகுள் தேடலில் கேள்வி பதில் விரிந்து தெரியும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதே. 2023 ஆகஸ்டிலேயே அதைப் பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது.

அப்புறம் விலை. கேள்விக்கு இவ்வளவு என்று வைக்காதே. அவர் தேவையானதை வெட்டுவார், உனக்கோ தேவையில்லாததைச் சேர்க்க மனசு வரும். வேலையைப் பிரித்து மணிக்கணக்கில் போடு. மணிக்கு 600 ரூபாய் என்று வை: கேள்வி சேகரிக்க 4 மணி, எழுத 5 மணி, தளத்தில் ஏற்ற 1 மணி, மொத்தம் 6,000. இங்கிலீஷிலும் வேண்டுமென்றால் அது தனி வேலை. இரண்டு முறை திருத்தம் இதிலேயே அடக்கம், அதற்கு மேல் கணக்கு வேறு என்று எழுது. நீ ஜிஎஸ்டி பதிவு செய்திருந்தால் 18 சதவீதம் தனி என்பதும் கொட்டேஷனிலேயே இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து, புதிதாக வந்த கேள்விகளைப் பார்த்துத் திருத்த ஒரு சிறு தொகையும் இப்போதே குறிப்பிடு. தளம் ஓட ஆரம்பித்த பிறகுதான் நிஜமான கேள்விகள் வரும்.

பேரம் பேசுவார். பேசினால் மணி ரேட்டைக் குறைக்காதே, வேலையைக் குறை. வாட்ஸ்அப் கேள்விகளை அவர் ஆளே தொகுத்துக் கொடுத்தால், கேள்வி சேகரிக்கப் போட்ட 2,400-இல் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். மீதியை விட்டுவிடாதே, அவர்கள் தருவதைச் சலித்து எடுக்கவே உனக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

கொட்டேஷன் போட்டதும் அவருக்கு அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்