டிஸ்சார்ஜ் சீட்டில் நாலு வரி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முழங்காலில் துளை போட்டுச் செய்யும் ஆப்பரேஷன் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மறுநாளே வீட்டுக்குப் போகலாம், தழும்புகூடத் தெரியாது என்று எழுதியிருந்தது. சரிதான், எனக்கும் அப்படித்தான் நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுகிறவன் நான். வயது 49. ஐப்பசியில் மழை விட்ட ஒருநாள், விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு சரிவில் மரத்துக்கு மரம் போகையில் வழுக்கி, வலது முழங்கால் திருகிக்கொண்டது. ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன். இரண்டே துளை, துளைக்கு ஒரு தையல்.

"வலி பொறுக்கிற அளவு நடங்க" என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டில் யார் விட்டார்கள்? காபி முதல் கஞ்சி வரை கட்டிலுக்கே வந்தது. எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். எத்தனையோ வருஷமாக விடியுமுன் எழுந்தவன், ஒரு வாரம் அசையாமல் கிடந்தேன்.

எட்டாம் நாள் கெண்டைக்காலில் ஒரு பிடிப்பு. தொட்டால் சூடு, தோல் மினுமினுப்பு. பெருவிரலால் அமுக்கினால் விழுந்த குழி மெதுவாகத்தான் மேலே வந்தது. வீட்டுக்காரி தையல் வேலை செய்கிறவள். டேப்பை எடுத்து இரண்டு காலையும் முட்டிக்குக் கீழே ஒரே உயரத்தில் அளந்தாள். இடது 33 சென்டிமீட்டர், வலது 37. கெண்டைக்காலில் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டர்களே ரத்தக்கட்டியைச் சந்தேகிப்பார்களாம். அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

நம் மாவட்டத்தில் கால் வீங்கினால் முதலில் நினைவுக்கு வருவது எண்ணெய் போட்டுத் தடவும் வர்ம வைத்தியர், எங்கள் பேச்சில் ஆசான்தான். எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு, ஒருமுறை இறங்கிப்போன என் தோளை ஏற்றி விட்டவர். மச்சினன் அவரைக் கூட்டிவர பைக்கை எடுத்துவிட்டான், அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, திருவனந்தபுரத்தில் நர்ஸ், எட்டிப் பார்த்ததும் பதறிவிட்டாள். "மாமா, காலை ஒருத்தரும் தடவப்பிடாது, கேட்டியளா? கட்டி பெயர்ந்து நெஞ்சுக்குப் போயிரும்."

ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் அவள் சொன்னதேதான். முட்டிக்குப் பின்னால் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் கட்டி. ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி, அப்புறம் அதற்கே மூன்று மாதத்துக்கு மாத்திரை.

முதலில் எனக்கு ஆத்திரம். இந்த ஊசியை ஆப்பரேஷன் அன்றே போட்டிருக்கலாமே என்று சண்டைக்கே போனேன். இப்போது பார்க்கும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: நெதர்லாந்தில் இந்த ஆப்பரேஷன் செய்துகொண்ட ஏறக்குறைய 1,500 பேரில் பாதிப் பேருக்கு எட்டு நாள் ஊசி போட்டும், மீதிப் பேருக்குப் போடாமலும் பார்த்திருக்கிறார்கள். ஊசி போட்டவர்களில் 0.7 சதவீதம், போடாதவர்களில் 0.4 சதவீதம் பேருக்குக் கட்டி வந்தது. ஊசியால் பலன் இல்லை. அதனால் எல்லாருக்கும் ஊசி போடு என்று நான் கேட்கவில்லை.

கேட்பது வேறு. முன்பு கட்டி வந்தவர், ரத்த உறவில் யாருக்காவது வந்தவர், புற்றுநோய் உள்ளவர், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள், உடல் பருத்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல் என்கிறார்கள். அவர்களுக்கு ஊசி வேண்டுமா என்று தனியாக யோசிக்க வேண்டும். என் தம்பி பிறந்த சமயம் எங்கள் அம்மா இதே கட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் தோன்றவில்லை. படிவத்தை நிரப்பிக் கொடுத்தது மச்சினன், அவனுக்கு என்ன தெரியும்?

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயரும் தையல் பிரிக்கும் தேதியும் இருந்தன, அதுவும் ஆங்கிலத்தில். கூடவே தமிழில் நாலு வரி அடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? கட்டிலில் கிடக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டு, ஏனென்றால் கெண்டைச் சதை அசைந்தால்தான் காலில் தங்கும் ரத்தம் மேலே ஏறும். அனுமதித்த அளவு நட. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் அன்றே வா, யாரையும் தடவ விடாதே. மூச்சு முட்டினாலோ, நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ 108-ஐக் கூப்பிடு. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இதை மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்கினால் நல்லது.

மாத்திரை முடிய இன்னும் 19 நாள் இருக்கிறது. சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது என்பதால் வீட்டுக்காரி பால்வெட்டுக் கத்தியை ஒளித்து வைத்திருக்கிறாள். இப்போதைக்குப் பால் வெட்டப் போவது மகன். பட்டையைக் கொஞ்சம் ஆழமாகத்தான் கீறுகிறான்.

இப்படிக்கு,
ஒரு பால்வெட்டுத் தொழிலாளி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.