கோட்டுக்கு அப்பால் உள்ள சருகைக் கொளுத்தாதீர்கள்

சேர்வராயன் மலையடிவாரக் காட்டைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடந்த மாசியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். தீ தாண்டாதபடி சருகை அகற்றிவிடும் பட்டையான தீத்தடுப்புக் கோடு போட வந்த ஆட்கள் கோட்டோடு நிற்கவில்லை. சரிவுக்குள் புகுந்து சருகை வாரிக் குவித்து மூன்று நாள் கொளுத்தினார்கள். கோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. கோடைத் தீ பாய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கோட்டுக்கு அப்பால் உள்ள சருகைத் தொடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

சித்திரையில் முதல் மழை பெய்ததும் எங்கள் ஓடையில் கரித்தண்ணீர் வந்தது. அம்மா பழைய வேட்டியை நாலாக மடித்துக் குடத்து வாயில் கட்டி வடிகட்டினார். துணியில் சாம்பலும் செம்மண்ணும் களியாகப் படிந்தன. அலசிக் கட்டி மறுபடி ஊற்றினார். மறுபடி அதே களி. ஒரு வாரம் இப்படித்தான் குடித்தோம். அந்தத் துணியில் ஒட்டியது காட்டின் மேல்மண்.

மரம் வளர நைட்ரஜன் வேண்டும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் வெக்காலி போன்ற மரங்கள் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. உசிலை போன்ற மரங்களின் வேர்முடிச்சு நுண்ணுயிர்கள் கொஞ்சம் பிடித்துத் தரும். மழையோடு கொஞ்சம் இறங்கும். முதிர்ந்த காட்டுக்கு ஆண்டுதோறும் வேண்டியதில் பெரும்பங்கு அது உதிர்த்த சருகு மக்கித்தான் திரும்பக் கிடைக்கிறது. "சாம்பலும் உரம்தானே" என்றார் உங்கள் ஆள் ஒருவர். சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் மிஞ்சும். நைட்ரஜனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும், ஐயா.

எரியாத பக்கம் ஒரு வேங்கையடியில் சருகை விலக்கிப் பாருங்கள். அடியிலைகளில் நரம்பு மட்டும் நிற்கும், வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியிருக்கும், விரலில் ஈரம் ஒட்டும். எரிந்த பக்கம் மண் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் உருண்டு ஓடுகிறது.

அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1965-ல் ஓர் ஓடைப்படுகையின் மரங்களை முழுக்க வெட்டி, பிறகு மறுபடி தழையாதபடி களைக்கொல்லி அடித்துப் பார்த்தார்கள். உறிஞ்ச வேரில்லாமல், நைட்ரஜன் தண்ணீரில் கரையும் வடிவமான நைட்ரேட் ஓடைநீரில் பல மடங்கு கூடியது. காடு சேர்த்துவைத்தது போவதற்கு அவ்வளவு நாள் ஆகாது.

குழி வெட்டி, யூரியா போட்டு, கன்று நட்டுப் படம் எடுக்கப் பணம் இருக்கிறது. மரமே போட்ட உரத்தை விட்டுவைக்க ஏன் மனம் வரவில்லை? கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரும் தையில் வேலை தொடங்கும் முன் கோட்டின் அகலத்தைச் சுண்ணாம்புத் தூளால் குறித்துக் கொடுங்கள். அதற்கு அப்பால் ஒரு கூடைச் சருகுகூட எரியக்கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். குறிக்க ஆள் போதவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், ஊரிலிருந்து நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓடைக்கரையில் குடியிருப்பவன்